மூடாமல் விட்ட ஆழ்துளை

பட்டப்பகலில் பாட்டிலும் கையுமாகத் தெருத்தெருவாகத் திரிகிற பெண் அந்த வட்டாரத்தில் அவள் ஒருத்திதான். குடிநீர் அலுவலகத்தில் மாதிரி எடுக்கும் வேலை. கிணறு, ஆழ்துளைப் போர், தெருக்குழாய் எல்லாவற்றிலும் தண்ணீர் பிடித்து, ஐஸ் பெட்டியில் அடுக்கி, சூடேறுவதற்குள் ஆய்வுக்கூடத்தில் சேர்க்க வேண்டும். ஊரே அவளைப் 'பாட்டில் அக்கா' என்றது. முதலில் முகம் சுளித்தவள், பிறகு அந்தப் பெயருக்கே திரும்பிப் பார்க்கப் பழகிவிட்டாள். கணவர் போர் போடுகிற வண்டி வைத்திருந்தார். "நான் தண்ணிய வெளிய கொண்டுவரேன், இவ அதுல குத்தம் கண்டுபிடிக்கிறா" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். அவளும் சேர்ந்து சிரிப்பாள்.

அந்தக் கோடையில் கீழத்தெருப் பிள்ளைகளுக்கு வாந்தியும் பேதியும் கண்டது. தையல்காரரின் சின்ன மகள் கண் திறக்கக்கூடத் தெம்பில்லாமல் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். தண்ணீரில் சாணக் கிருமி இருப்பதாக ஆய்வுக்கூடம் சொன்னது. தெரு போரிலிருந்து தண்ணீர் ஏறுகிற குடிநீர்த் தொட்டியில் குளோரின் கலந்தார்கள். கொஞ்சம் அடங்கி, மறுபடியும் கிளம்பியது. குழாயை நிறுத்தி லாரித் தண்ணீர் விட்டார்கள். லாரி வராத நாளில் ஜனங்கள் வீட்டுக் கைப்பம்பை அடித்துக் குடித்தார்கள். வேறு என்ன செய்வார்கள்?

தையல்காரர் அவளை வாசலிலேயே மறித்தார்.

"மாசாமாசம் வந்து புடிச்சுட்டுப் போறீங்களே, என்னத்தக்கா பாத்தீங்க?"

போன மாதம் பிடித்தது நல்ல தண்ணீர்தான். அதைச் சொல்லி என்ன ஆகப்போகிறது?

தெருவுக்கு மேலே, மேட்டில் ஒரு மாட்டுப் பண்ணை இருந்தது. அலுவலகப் பொறியாளரைக் கூட்டிக்கொண்டு அங்கே போனாள். பண்ணைக்காரர் தாமாகவே சாணித் தொட்டியைக் காட்டினார். "அடியில சிமெண்ட் போட்டிருக்கேன் சார். ஒரு சொட்டு இறங்காது." பார்த்தால் அது உண்மைதான். தொட்டியில் ஒரு விரிசல் இல்லை. ஆனால் இத்தனை மாடு நிற்கிற இடத்தில் தொட்டி ஏன் பாதிகூட நிறையவில்லை என்பதுதான் அவளை உறுத்தியது.

கொட்டகையைச் சுற்றிப் பின்பக்கம் வந்தாள். மாடு கழுவிய தண்ணீர் ஒரு சின்ன வாய்க்காலாக ஓடி, ஒரு பலகைக் கல்லுக்கு அடியில் புகுந்தது. அங்கே தேங்கவுமில்லை, வெளியே வரவுமில்லை. பொறியாளரும் அவளுமாகக் கல்லை நகர்த்தினார்கள். இரும்புக் குழாய் ஒன்று தரையோடு தரையாக வாயைத் திறந்துகொண்டு கிடந்தது. உள்ளே எங்கோ ஆழத்தில் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது.

"அது தண்ணி வராத போருங்க. சும்மா கெடக்கு" என்றார் பண்ணைக்காரர்.

"யாரு போட்டது?"

அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "உங்க வீட்டுக்காரர்தான். சொல்லலையா?"

தண்ணீர் வராத போரைக் களிமண்ணும் சிமெண்ட்டும் இறக்கி அடைப்பது போர் போட்டவர் பொறுப்பு. தவறினால் வண்டியின் உரிமம் போய்விடும். பொறியாளர் அவள் முகத்தைப் பார்க்காமல் செருப்பிலிருந்த சேற்றைத் தட்டிக்கொண்டிருந்தார்.

மதியம் சாப்பாட்டில் கை வைத்த கணவரிடம் கேட்டாள். கை தட்டிலேயே நின்றுவிட்டது.

"தண்ணி வரலேன்னு அவருக்கு ஒரே கோவம். அடைக்க சிமெண்ட் வாங்கித் தரமாட்டேன்னுட்டாரு. கல்லைப் போட்டு மூடிக்கிறேன்னாரு. நானும் வண்டியக் கிளப்பிட்டேன்."

"கல்லைப் போட்டா அடைச்சதா ஆயிடுமா?"

"இப்ப என்ன, ஆபீஸ்ல என் பேரைச் சொல்லப்போறியா?"

"சொல்லிட்டுத்தாங்க வந்தேன்."

அவர் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தார். அதன்பிறகு வீட்டில் பாத்திரச் சத்தம் மட்டும்தான் கேட்டது.

பண்ணைக்காரர் விட்டுக்கொடுக்கவில்லை. மேட்டுத் தண்ணீருக்கும் கீழத்தெருவுக்கும் என்ன சம்பந்தம், நிரூபியுங்கள் என்றார். பொறியாளர் கெடுதல் இல்லாத பச்சைச் சாயத்தை அந்தக் குழாய்க்குள் ஊற்றி, தண்ணீர் லாரியைக் கொண்டுவந்து அலசிவிட்டார். அன்றிலிருந்து அவள் கீழத்தெருக் கைப்பம்புகளைக் காலையும் மாலையும் அடித்துப் பார்த்தாள். சாயம் வந்துவிடக் கூடாதே என்று மனசின் ஒரு மூலை வேண்டிக்கொண்டது. அந்த மூலையை அவளுக்கே பிடிக்கவில்லை.

வாரக் கடைசியில், தையல்காரர் வீட்டுப் பம்பில் தண்ணீர் பச்சையாக வந்தது. அவள் கண்ணாடிப் பாட்டிலை வெயிலில் தூக்கிப் பிடித்தாள். கூடியிருந்தவர்கள் நெருங்கி வந்து பார்த்தார்கள்.

"இதையா எம்புள்ளைக்குக் குடுத்தேன்" என்றார் தையல்காரர்.

எவனோ ஒருவன் பண்ணையைக் கொளுத்தலாம் என்று கத்தினான். கூட்டம் மேட்டுப் பக்கம் திரும்பியது. ஒருவர் கையில் கடப்பாரை இருந்தது. அவள் குறுக்கே ஓடினாள். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அப்போதுதான், பின்னால் நின்றிருந்த அவள் கணவர் முன்னால் வந்து வழியை மறித்தார்.

"அந்தப் போர் நான் போட்டது. அடைக்காம வண்டியக் கிளப்புனதும் நான்தான்."

தையல்காரர் அவர் சட்டையைக் கொத்தாகப் பிடித்தார். ஒரு பொத்தான் தெறித்து விழுந்தது. கணவர் கையை உயர்த்தவில்லை.

"அடிக்கணும்னா அடிங்கண்ணே. ஆனா மொதல்ல அதை அடைச்சுட்டு வந்துடறேன். இப்பவும் உள்ள இறங்கிட்டுத்தான் இருக்கு."

அவள் இந்தமுறை குறுக்கே போகவில்லை. தையல்காரர் சட்டையை விட்டார்.

சாயங்காலத்துக்குள் போரை அடைத்தார்கள். கடப்பாரையோடு வந்தவரே களிமண் சுமந்தார். பண்ணைக்கு அபராதம் விழுந்தது. கழுவிய தண்ணீர் தொட்டிக்குத் திரும்பியது. சிறுமி மெலிந்து, ஆனால் நடந்தே வீடு வந்தாள். பூமிக்கடியில் இறங்கியது அவ்வளவு சீக்கிரம் போகவில்லை. கைப்பம்புகள் அடுத்த மழைக்காலம் தாண்டியும் பூட்டியே கிடந்தன. கணவரின் உரிமம் போய், இன்னொருவர் வண்டியில் கூலிக்குப் போனார். அவளிடம் மறுபடி பேச ஆரம்பித்தார். பழைய கேலியைத்தான் சொல்வதில்லை.

அவள் மாதிரி எடுக்கப் போனால் தையல்காரர் நாற்காலி எடுத்துப் போடுகிறார். கணவர் தெருவில் போனால் மட்டும் தையல் மிஷினிலிருந்து தலையை நிமிர்த்துவதில்லை.