யானைக்கு கலர் அடிக்கவா, வேணாமா?

பலகையில யானை செதுக்கறதுகூட ஈஸிங்க, செதுக்கி முடிச்சப்புறம் "கலர் அடிக்கவா, அப்படியே விடவா"ன்னு ஒரு கேள்வி வரும் பாருங்க, அங்கதான் நம்ம தூக்கம் போகும். மத்திகிரியில மரம் செதுக்கற பட்டறை வச்சிருக்கேன். தையல்காரங்க, ஃப்ளெக்ஸ் அடிக்கிறவங்க எல்லாருக்கும் இது புரியும்: நாம வேலைய முடிச்சப்புறம்தான் கஸ்டமர் யோசிக்கவே ஆரம்பிப்பாரு.

ரெண்டு கட்சி

செல்வம் மதுரைக்காரரு, இங்க கம்பெனியில ஷிஃப்ட் வேலை. புது வீட்டு ஹாலுக்கு தேக்குல தாய் யானையும் குட்டியும் கேட்டாரு. செதுக்கிட்டேன். வெள்ளிக்கிழமை கிரகப்பிரவேசம், மொத்த ஷிஃப்டும் வருது. அவங்களுக்குப் புடிச்சா எனக்கு வரிசையா ஆர்டர். சொதப்புனா மானம் போச்சு.

திங்கக்கிழமை புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரும் வந்தாங்க. அவரு, "அண்ணே, யானைன்னா கலரு வேணும்ணே, இது என்னண்ணே பிஸ்கட்டு மாதிரி"ங்கறாரு. அவரு சம்சாரம் மலரு, "மரம் மரமாத்தான் இருக்கணும்"ங்குது. பெயிண்ட் ஒரு தடவ மரத்து ரேகைக்குள்ள இறங்கிட்டா அவ்வளவுதான். சுரண்டினா செதுக்கின தோல் சுருக்கமெல்லாம் சேந்து போயிடும். கிளம்பறப்ப மலரு சொல்லிச்சு: "உங்களுக்கு எது தோணுதோ செய்ங்கண்ணா, ஆனா ரெண்டு பேருக்கும் புடிக்கணும்."

பாய் கடையில

உக்கார முடியல. வண்டிய எடுத்துட்டு சாதிக் பாய் பெயிண்ட் கடைக்கு ஓடினேன். பாய் பேசறதே ஸ்லோ மோஷன்ல இருக்கும். கண்ணாடிய கழட்டுவாரு, தொடைப்பாரு, மாட்டுவாரு, அப்புறம்தான் முதல் வார்த்தை. நான் அத மாதிரியே நடிச்சுக் காட்டினா அவரு பேரனே விழுந்து விழுந்து சிரிப்பான். சாம்பல் கலர் டப்பா ஒண்ணு கேட்டேன். கண்ணாடிய மாட்டிக்கிட்டு சொன்னாரு: "பெயிண்ட் விக்கிறவன், அடிக்காதேன்னு சொல்லக்கூடாதுப்பா. ஆனா போன தடவ மஞ்சள் அடிச்சியே ஒரு புலி, அதப் பாத்து என் பேரன் ஆட்டோன்னு நெனச்சு கைய காட்டினான்."

டப்பாவ வாங்கிட்டுத்தான் வந்தேன். தொறந்தேன், மூடினேன். மறுபடி தொறந்தேன்.

ராகி தின்ன பார்ட்டி

அந்த நேரம் பாத்து தேன்கனிக்கோட்டைக்காரரு ஒருத்தரு கதவு செய்யணும்னு வந்தாரு. காட்டோரம் விவசாயம். யானையக் காட்டி அவரையும் கேட்டேன். தள்ளி நின்னு பாத்தாரு. "சாம்பல் எதுக்கு? எங்க பக்கம் யானைங்க செம்மண்ண வாரி மேல போட்டுக்கிட்டு இதே கலர்லதானே வருது"ன்னாரு. அப்பாடான்னு ஆச்சு. குஷியில, "உங்க வீட்டுக்கும் ஒண்ணு செய்யவா?"ன்னு கேட்டுட்டேன். மொறைச்சாரு. "என் ராகிய பூரா தின்னுட்டுப் போனதுக்கு, செவுத்துல வேற எடம் குடுக்கணுமா?"

கிரகப்பிரவேசம்

சரி, பெயிண்ட் வேணாம். வார்னிஷாவது அடிச்சிருக்கணும். ஆனா வழவழன்னு வார்னிஷ் ஏறிட்டா அதுமேல பெயிண்ட் சரியா ஒட்டாது. கடைசி நிமிஷத்துல செல்வம் கலர் கேட்டுட்டா? அந்த பயத்துல வெறும் பலகையாவே கொண்டுபோய் மாட்டிட்டேன். செல்வம் மூஞ்சி சுருங்கிப்போச்சு. ஷிஃப்டு ஆளுங்க ஒரு பார்வை பாத்துட்டு டிபனுக்குப் போயிட்டாங்க.

அப்ப மலரோட அம்மா, சேலத்துல இருந்து வந்தவங்க, மஞ்சள் குங்குமத் தட்டோட கிளம்பினாங்க. நிலைக்குப் பொட்டு, ஜன்னலுக்குப் பொட்டு, கேஸ் அடுப்புக்கு, ஃப்ரிட்ஜுக்கு. அடுத்து நேரா யானை. "அம்மா, அம்மா!"ன்னு நான் ஓடறதுக்குள்ள நெத்தி, காது, தும்பிக்கை எல்லாம் குழைச்ச மஞ்சள். குட்டிக்கும் விடல. நடுவுல குங்குமம் வேற. வெறும் மரம் இல்லையா, மடமடன்னு குடிச்சிருச்சு. ஈரத்துணியில தொடைச்சேன், இன்னும் பரவிருச்சு.

செல்வம் தலைய சாய்ச்சு பாத்தாரு, சிரிப்பு வந்துருச்சு. மலருக்கும்தான். டிபன் தட்டோட ஆளுங்க திரும்பி வந்து சுத்தி நின்னுட்டாங்க. அதுல ஒருத்தரு இட்லிய மென்னுக்கிட்டே சொன்னாரு: "எங்க வீட்டுக்கும் ஒண்ணு செய்ங்கண்ணா, ஆனா கலரு மட்டும் அந்த அம்மாதான் அடிக்கணும்."

இப்ப அந்த இட்லிக்காரரு யானை பட்டறையில ரெடியா நிக்குது, அந்த அம்மா எப்பவோ சேலத்துக்கு பஸ் ஏறிட்டாங்க, நான் திரும்ப டப்பாவ தொறந்து மூடிக்கிட்டு இருக்கேன்.