மாமனார் தட்டில் வான்கோழி

என் மாமனாருக்குத் தொண்டையில் புற்றுநோய் வந்து, சிகிச்சை முடிந்து வீடு திரும்பிய ஆண்டு அது. கதிர்வீச்சு கொடுப்பதை எங்கள் பக்கம் 'கரண்டு வைக்கிறது' என்பார்கள். கரண்டு வைத்ததில் நோய் அடங்கிவிட்டது. கூடவே வாயில் எச்சில் ஊறுவதும் நின்றுபோனது. மூக்கு வழியாகப் போட்டிருந்த குழாயை எடுத்த பிறகும் கஞ்சி, கரைத்த இட்லி, இளநீர் இவற்றிலேயே காலம் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு பருக்கை வழி தவறினாலும் இருமல் பிடித்துக்கொள்ளும். கண் பிதுங்கும், மூக்கில் கஞ்சி வழியும். அந்தக் கோலத்தை யாரும் பார்த்துவிடக் கூடாதென்று, அறைக்கதவைச் சாத்திக்கொண்டு சுவரைப் பார்த்தபடி சாப்பிடுவார்.

வில்லியனூரிலிருந்து உள்ளே தள்ளி, வயலும் கரும்புமாக இருக்கிற ஊர் எங்களுடையது. மாமியார் இறந்த பிறகு வீட்டில் நான், என் கணவர், மாமனார் மூன்று பேர்தான். கிறிஸ்துமஸ் மதியத்துக்கு முழு வான்கோழி வைப்பது அந்தக் குடும்பத்து வழக்கம். மாமனார்தான் கத்தியை எடுத்து மேசையிலேயே அறுத்து ஆளுக்கு ஒரு துண்டு வைப்பார். அந்த வருடம் நான் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. அவரே ஒரு நாள் காலை சமையலறை வாசலில் வந்து நின்றார்.

"இந்த வருசம் வான்கோழி உண்டா, இல்லியா?" குரல் கிழிந்த துணிபோல வந்தது.

"எப்டி மாமா, நீங்க சாப்பிட முடியாதப்ப நாங்க மட்டும்..."

"எனக்கும் சேத்துத்தான் கேக்கறேன். மேசையில எனக்கும் ஒரு தட்டு வைம்மா."

கணவரிடம் சொன்னதும் அவர் முகம் இருண்டது. "ஒனக்கு இன்னா பைத்தியமா? சோறே எறங்கல, வான்கோழி எறங்குமா?"

அவர் சொன்னதில் தப்பில்லை. வான்கோழிக் கறி தெரியாத வீடு எங்கள் பக்கத்தில் இல்லை. துண்டு போட்டுக் குழம்பு வைத்தாலும் பிரியாணி போட்டாலும் நெஞ்சுக் கறி தேங்காய் நாரைப்போல் வறண்டுவிடும். மிளகாயும் எண்ணெயும் அந்தக் குறையை மறைத்துவிடும். மாமனார் வாயில் மிளகு பட்டாலே புண் எரியும். காரத்தைக் காட்டி ஏமாற்ற வழியில்லை. சாறு இருந்தால் இறங்கும், இல்லாவிட்டால் அடைக்கும்.

ஆஸ்பத்திரியில் அவருக்கு விழுங்கும் பயிற்சி சொல்லிக்கொடுத்த பெண்மணிக்கு போன் போட்டேன். அவர் வேண்டாம் என்று சொல்லிவிட்டால் பொறுப்பு என் தலையிலிருந்து இறங்கிவிடும் என்ற எண்ணமும் எனக்கு இருந்தது. அவர் அப்படிச் சொல்லவில்லை. "கொஞ்சமா குடுங்க. நார் இருக்கக் கூடாது, ஈரம் நிறைய இருக்கணும். நேரா உக்காந்து, தாடைய நெஞ்சோட ஒட்டவச்சு முழுங்கணும். இருமினா இருமட்டும், விடுங்க. முதுகுல தட்டாதீங்க, தண்ணி குடுக்காதீங்க. சத்தமே வராமப் போச்சுன்னாதான் ஆபத்து." கடைசி வரியைக் கேட்ட பிறகு வேறு எதுவும் எனக்கு மனதில் நிற்கவில்லை.

பண்டிகைக்கு முந்தின நாள் கணவர் கரையாம்புத்தூர் பக்கம் போய்ப் பறவையை வாங்கி வந்தார். பெரிய சேவலாக வேண்டாம், இளம் பெட்டையாக வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருந்தேன். இறகு பிடுங்கி, தோலை உரிக்காமல் மஞ்சள் தடவி, வைக்கோல் தீயில் வாட்டினேன். உப்பும் கொஞ்சம் சர்க்கரையும் பிரிஞ்சி இலையும் போட்டுக் காய்ச்சி ஆறவைத்த தண்ணீரில் முழுதாக அமிழ்த்தினேன். உப்புநீரில் ஊறிய கறி நெருப்பிலும் ஈரத்தை விடாது. ஃபிரிட்ஜில் தட்டுகளைக் கழற்றிய பிறகுதான் பாத்திரம் நுழைந்தது. பாலையும் ஆப்ப மாவையும் பக்கத்து வீட்டில் கொடுத்துவைத்தேன்.

அன்று சாயங்காலமே அரியாங்குப்பத்திலிருந்து அண்ணி, என் கணவரின் அக்கா, ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். மாமனார் நோயில் படுத்தபோது ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே கிடந்தவர் அவர். ஃபிரிட்ஜைத் திறந்து பார்த்துவிட்டுத் திரும்பினார்.

"இது யாருக்கு?"

"எல்லாருக்கும்தான் அண்ணி. மாமா கேட்டாங்க."

"அவரு கேப்பாரு. நீ குடுத்துடுவியா? எத்தினி நாளு நான் அந்தக் கொழாயப் புடிச்சிக்கினு ஒக்காந்திருந்தேன்னு ஒனக்குத் தெரியுமா? அப்பாவ சாவடிச்சிடாதடி."

கணவர் எழுந்து வெளியே போய்விட்டார். அண்ணி அன்று இரவு மாமனார் அறை வாசலில் பாய் விரித்துப் படுத்துக்கொண்டார்.

காலையில் கோயிலுக்குப் போய்வந்ததும் அடுப்பு மூட்டினோம். முழுப் பறவை வேகிற தேக்சா, அந்தப் பெரிய பாத்திரம், கேஸ் அடுப்பில் நிற்காது. பின்பக்கத் தகரக் கொட்டகையில் கல் கூட்டி விறகடுப்புதான். விடியலிலிருந்தே தூறல் விட்டபாடில்லை, சவுக்கு விறகு நமத்துக் கிடந்தது. தோலுக்கும் சதைக்கும் நடுவே விரலை விட்டு வெண்ணெயும் நசுக்கிய பூண்டும் பூசினேன். அடியில் வெங்காயமும் கேரட்டும் பரப்பி, பறவையை மேலே வைத்து, கழுத்தையும் கல்லீரலையும் வேகவைத்த தண்ணீரை ஊற்றினேன். மூடியின் விளிம்பில் மாவை ஒட்டி, மேலே தணல் அள்ளிப் போட்டேன். தீ மெதுவாக இருந்தால் போதும் என்று கணவரிடம் சொல்லிவிட்டு ஆப்பம் சுட உள்ளே போனேன்.

புகைதான் வருகிறது, தீயே இல்லை என்று பயந்து அவர் விறகைச் செருகியிருக்கிறார். அது ஒரேயடியாகப் பற்றிக்கொண்டது. கருகும் வாசனை சமையலறைக்கு வந்தது. ஓடிப்போய் விறகை இழுத்துப்போட்டு மூடியின் மாவை உடைத்தேன். தண்ணீர் சுண்டி, வெங்காயம் அடியில் கறுத்துப்போயிருந்தது.

"போச்சா?" என்றார் கணவர்.

"தெரியல. புடிங்க இத்த."

இருவரும் துணியைச் சுற்றிப் பறவையைத் தூக்கினோம். முதுகுத் தோல் மட்டும் கருகியிருந்தது, சதைக்கு இறங்கவில்லை. வேறு பாத்திரத்தில் மாற்றி, மீதியிருந்த கறித் தண்ணீரைச் சூடாக ஊற்றி, தணலில் மட்டும் வைத்தோம். அதன் பிறகு நான் கொட்டகையை விட்டு நகரவில்லை. தொடையில் கத்தியை இறக்கினால் சிவப்பில்லாமல் தெளிந்த நீர் வரும்வரை தணலைத் தள்ளுவதும் இழுப்பதுமாக உட்கார்ந்திருந்தேன்.

இறக்கி, ஆறவிட்ட பிறகு எனக்கு இன்னொரு வேலை இருந்தது. என் வாயில் எச்சில் ஊறுகிறது, எனக்கு எதுவும் இறங்கும். எனக்கு இறங்குகிறது என்பதை நம்பி அவருக்கு எப்படிக் கொடுப்பது? அவர் வாயைப்போல என் வாயும் உலரட்டும் என்று காலையிலிருந்து தண்ணீர்கூடக் குடிக்காமல் இருந்தேன். நெஞ்சுக் கறியில் ஒரு துண்டு கிள்ளி வைத்துக்கொண்டு, சுத்தமான துணியால் நாக்கையும் கன்னத்தின் உட்புறத்தையும் துடைத்தேன். தாடையை இறக்கி விழுங்கினேன். பாதியில் நின்றது. சாறு இருக்கத்தான் செய்தது, ஆனால் அவருக்குப் போதாது. கண்ணில் நீர் வந்துவிட்டது. தொடைக் கறியைப் போட்டுப் பார்த்தேன். அது நழுவி இறங்கியது.

திரும்பினால் அண்ணி வாசலில் நின்றிருந்தார்.

"நாக்க எதுக்குத் தொடைக்கிற?"

சொன்னேன். அவர் உள்ளே வந்து, அடுப்படியில் வெந்திருந்த பூசணிக்காயை இழுத்து மத்தால் மசிக்கத் தொடங்கினார். "வெண்ணெய் எங்க வச்சிருக்கற?" என்று மட்டும் கேட்டார்.

நெஞ்சுக் கறியை நாருக்குக் குறுக்கே மெல்லிய ஏடாகச் சீவி, கொதிக்கும் கறித் தண்ணீரில் வெண்ணெயோடு அமிழ்த்தி வைத்தேன். தொடைக் கறியைப் பூப்போல உதிர்த்தேன். பூசணி மசியல், பால் விட்டு மசித்த உருளைக்கிழங்கு, தேங்காய்ப்பாலில் ஊறிய ஆப்பம், இவை மாமனாருக்கும் ஆகும். எங்களுக்கு மிளகு போட்டுக் கல்லீரல் வறுவலும் பீன்ஸ் பொரியலும்.

மாமனார் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்து தம் பழைய இடத்தில் உட்கார்ந்தார். கத்தியைக் கையில் எடுத்து, நெஞ்செலும்போடு நான் விட்டுவைத்திருந்த ஒரு பக்கத்தை அறுத்து எங்களுக்கு வைத்தார். ஜெபம் சொன்னார். பிறகு கரண்டியை எடுத்தார். மூன்று பேரும் அவர் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"இன்னா வேடிக்கை? துன்னுங்க," என்றார்.

முதல் வாய் நெஞ்சுக் கறி. அதைத்தான் அவர் தேர்ந்தெடுத்தார். மென்றார், தாடையை இறக்கினார், விழுங்கினார். ஒரு நொடி ஒன்றுமில்லை. அடுத்த நொடி முகம் சிவந்து, மேசையைப் பிடித்துக்கொண்டு இருமினார். அண்ணி "அப்பா!" என்று அலறித் தண்ணீர்க் குவளையை எடுத்தார். கணவர் முதுகில் தட்டக் கையை ஓங்கினார். அந்தக் கையை நான் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

"வாணாங்க. சத்தம் வருது. வரட்டும்."

"உடுடி!" கணவர் கையை உதறினார்.

"சத்தம் வருதுங்க!"

என் காதில் அந்த இருமலைத் தவிர வேறெதுவும் விழவில்லை. அது நின்றுவிடக் கூடாது என்றும், சீக்கிரம் நிற்க வேண்டும் என்றும் ஒரே நேரத்தில் வேண்டிக்கொண்டேன். கடைசியில் அந்தத் துண்டு வெளியே வந்து அவர் கைக்குட்டையில் விழுந்தது. மூச்சு வாங்கியது. மூக்கிலும் கண்ணிலும் நீர். இத்தனை நாள் கதவுக்குப் பின்னால் ஒளித்துவைத்ததெல்லாம் எங்கள் முன்னாலேயே நடந்துவிட்டது.

"போதும். எடுத்துக்கினு போ இத்த," என்று அண்ணி அழுதுகொண்டே தட்டை இழுத்தார். மாமனார் தட்டின் விளிம்பை அழுத்திப் பிடித்தார்.

"உடு."

அவ்வளவுதான் சொன்னார். முகத்தைத் துடைத்துக்கொண்டார். நான் தொடைக் கறியில் ஒரு கரண்டிச் சாறு விட்டுப் பூசணியோடு சேர்த்து நகர்த்தி வைத்தேன். கொஞ்சம் எடுத்தார். தாடை நெஞ்சில் படிந்தது. தொண்டை மேலேறி இறங்குவதைப் பார்த்தேன். வாயைத் திறந்து காட்டினார், பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாத்திரை முழுங்கியதைக் காட்டுவதுபோல. உள்ளே ஒன்றுமில்லை.

அப்படி ஐந்தாறு வாய் சாப்பிட்டிருப்பார். நடுவில் இன்னொரு தடவை இருமினார். அப்போது கணவர் எழுந்திருக்கவில்லை. தலையைக் குனிந்து தட்டிலிருந்ததை மென்றுகொண்டிருந்தார், கண்ணீர் தட்டில் விழுந்தது. அண்ணி கைகழுவப் போய் வெகுநேரம் வரவில்லை.

அன்று மாலை கிளம்பும்போது அண்ணி ஸ்கூட்டரில் உட்கார்ந்தபடி, "அந்தத் தொடக் கறி கொஞ்சம் எடுத்து வை. நாளைக்கும் குடு. நெஞ்சுக் கறிய மட்டும் குடுக்காத," என்றார். முந்தின நாள் சொன்னதைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. அந்தச் சொல் இன்னும் எனக்குள் எங்கோ கிடக்கத்தான் செய்கிறது.

மாமனாருக்கு எச்சில் திரும்பவில்லை. கொஞ்சம் ஊறும் என்றார்கள், கொஞ்சம்தான் ஊறுகிறது. ஆனால் மறுநாளிலிருந்து அவர் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு சாப்பிடுவதில்லை. எங்களோடு மேசையில் உட்காருகிறார், இருமுகிறார். சத்தம் வந்துகொண்டிருக்கிற வரை நாங்கள் சாப்பிட்டுக்கொண்டே இருக்கிறோம்.