பேசினுக்குள் ஒரு மோட்டார் சைக்கிள்

என் கணவர் வாங்கி வந்ததை மோட்டார் சைக்கிள் என்று சொல்ல அவருக்கு மட்டும்தான் மனம் வந்தது. புசல்லாவைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், கணக்கெழுதி ஓய்வு பெற்ற கிளாக்கர் ஒருவரின் விறகுக் கொட்டிலில் அது வருடக்கணக்காகக் கிடந்திருக்கிறது. சீட்டின் மேல் கோழி அடை கிடந்த அடையாளம் இருந்தது. எஞ்சினைச் சுற்றி எண்ணெயும் மண்ணும் கோழி எச்சமும் சேர்ந்து ஒரு விரற்கடை தடிப்பில் இறுகிப் போயிருந்தது. லொறியிலிருந்து இறக்கியபோது சைலன்சருக்குள்ளிருந்து ஒரு பல்லி இறங்கி ஓடியது.

"இது ஓடுமா?" என்று கேட்டேன்.

"ஓடாம? சுத்தம் பண்ணுனா போதும். ரெண்டு சனி ஞாயிறு வேல."

அவர் கண்டியில் தபால் கந்தோரில் வேலை செய்கிறார். நான் ஒரு தமிழ்ப் பாடசாலையில் கணக்குப் படிப்பிக்கிறேன். பிலிமத்தலாவையில் ஒரு வீட்டின் மேல்மாடியில் வாடகைக்கு இருக்கிறோம். காலை பஸ்ஸில் ஒற்றைக் காலில் நின்று போய் வந்து இருவருக்குமே அலுத்திருந்தது. புது மோட்டார் சைக்கிளின் விலை எங்கள் பேச்சில் வரக்கூடிய விலையாக இல்லை. அதனால் ரெண்டு சனி ஞாயிறுதானே என்று நானும் தலையாட்டிவிட்டேன். அந்தத் தலையாட்டலுக்கு இரண்டரை மாதம் அனுபவித்தேன்.

முதல் சனிக்கிழமை அதை அக்கு அக்காகக் கழற்றினார். சட்டமும் சில்லுகளும் படிக்குக் கீழே நின்றன. மற்றதெல்லாம் மேலே, என் சமையலறைக்குப் பின்னால் உடுப்புக் கழுவுகிற சின்ன இடத்துக்கு வந்து சேர்ந்தது. நான் உடுப்பு ஊறவைக்கிற நீலப் பேசினில் மண்ணெண்ணெய் ஊற்றிச் செயினையும் பல்சக்கரங்களையும் ஊறப் போட்டார். சின்னத் திருகாணிகளுக்கு ஐஸ்கிரீம் டப்பா. ஊறியதை எடுத்து, ஒரு பலகையில் குந்தி, பல் துலக்குகிற பிரஷ்ஷால் தேய்க்க ஆரம்பித்தார்.

அவர் தேய்ப்பதைப் பார்த்தவர்களுக்குத்தான் என் கோபம் புரியும். மனிதருக்கு அவசரம் என்பதே கிடையாது. ஓர் ஆணியை எடுப்பார், தேய்ப்பார், துணியால் துடைப்பார், ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்ப்பார், மறுபடி மண்ணெண்ணெயில் போடுவார். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை முதல் பகல் வரை அவர் முடித்தது பதினோரு ஆணிகள். நான் கணக்கு டீச்சர்; எண்ணாமல் இருக்க முடியவில்லை.

"கராஜ்ல குடுத்தா அவங்க ஒரு நாள்ல கழுவிக் குடுத்துருவாங்க இல்லையா?"

"அவங்க சும்மா தண்ணிய அடிச்சிட்டுக் குடுத்துருவாங்க. உள்ளுக்குள்ள அழுக்கு அப்புடியே இருக்கும்."

"இருந்தா என்னாங்க? யாரு உள்ளுக்குள்ள பாக்கப் போறாங்க?"

அவர் பாவமாக என்னைப் பார்த்துவிட்டுப் பன்னிரண்டாவது ஆணியை எடுத்தார்.

மூன்றாம் வாரத்தில் வீடு முழுவதும் மண்ணெண்ணெய் வாடை. சோற்றில் வாடை, தலையணையில் வாடை. மழைக்காலம் வேறு, உடுப்பை வெளியே போட முடியாமல் உள்ளே கொடி கட்டிக் காயவைத்தால், காய்ந்த உடுப்பிலும் அதே வாடை. பிரஷ்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. கதவுப் பிடியில் கறுப்பு, ஸ்விட்ச்சில் கறுப்பு, சீனிப் போத்தல் மூடியில் கறுப்பு. ஒரு நாள் பெற்றோர் கூட்டத்தில் அரை மணி நேரம் நின்று பேசிவிட்டு வந்து உட்கார்ந்தபோது பக்கத்து டீச்சர் காதருகே குனிந்து, "சாரியில பின்னால அஞ்சு வெரலு பதிஞ்சிருக்கு" என்றார். காலையில் சாரிக்கு ஊசி குத்திவிட வந்த என் கணவரின் கை. அந்தச் சாரி இன்றும் அலுமாரியில் இருக்கிறது. கட்டவும் முடியாது, எறியவும் மனமில்லை.

பிறகு கழிவுத் தண்ணீர் போகிற கான் அடைத்துக்கொண்டது. எங்கள் கழுவுமிடத்துத் தண்ணீர் குழாய் வழியாகக் கீழே இறங்கி, வீட்டுக்காரரின் முற்றத்துக் கானில்தான் போய் விழும். வீட்டுக்காரர் ஒரு வயதான முஸ்லிம் பெண்மணி, தனியாக இருப்பவர். நாங்கள் உம்மா என்றே கூப்பிடுவோம். அதிர்ந்து பேசத் தெரியாதவர். அன்று அவரே மூச்சு வாங்கப் படியேறி வந்தார்.

"மகள், நான் ஒண்டும் செல்ல வரல்ல. ஆனா எங்கட கான்ல தண்ணி போகுதில்ல. எல்லாம் கறுப்பா நிக்குது. ஒங்கட மாப்புளட்டக் கொஞ்சம் செல்லுங்க."

நான் கூனிக் குறுகிப் போனேன். நானே சுத்தம் செய்து தருகிறேன் என்றேன். அவர் கீழே போய் ஒரு தகர டப்பாவைக் கொண்டுவந்து தந்தார். அடைத்த குழாய்க்குப் போடுகிற கோஸ்டிக் சோடா. "கையில படாம போடுங்க மகள், தோல உரிச்சிரும்" என்று இரண்டு தரம் சொல்லிவிட்டுப் போனார்.

அது ஒரு சனிக்கிழமை. கணவர் மேலதிக வேலைக்குப் போயிருந்தார். நான் பிளாஸ்டிக் கையுறையை மாட்டிக்கொண்டு கீழே இறங்கி, கானின் இரும்பு வலைமேல் சோடாவைப் போட்டுச் சுடுதண்ணீர் ஊற்றினேன். கொஞ்ச நேரத்தில் பிசுக்கெல்லாம் சோப்பைப் போலக் கரைந்து இறங்கிப் போனது. அடைப்பு விட்டது மட்டுமில்லை, இத்தனை நாளாகக் கறுப்பாக இருந்த அந்த இரும்பு வலை பளிச்சென்று வெளியே வந்தது. என் கணவர் பிரஷ்ஷை வைத்துக்கொண்டு ஒரு வாரம் எடுத்திருப்பார். இது பத்து நிமிடம்.

டப்பாவில் பாதி மிச்சமிருந்தது.

மேலே வந்தேன். பேசினைப் பார்த்தேன். மண்ணெண்ணெயை ஒரு வாளிக்கு மாற்றி வைத்தேன். செயின், பல்சக்கரங்கள், கிக்கர், கியர் மிதி, ஸ்பிரிங்குகள், அவர் கடைசிக்கென்று ஒதுக்கி வைத்திருந்த காபரேட்டர் எல்லாவற்றையும் பேசினுக்குள் அடுக்கினேன். தண்ணீர் விட்டு, மிச்சச் சோடா முழுவதையும் போட்டேன். அவர் வருவதற்குள் எல்லாம் முடிந்திருக்கும், இந்தச் சனியன் இன்றோடு இந்த வீட்டை விட்டு இறங்கும் என்று நினைத்தபோது எனக்கிருந்த சந்தோஷத்தை மறைக்க விரும்பவில்லை. பாட்டுக்கூட முணுமுணுத்தேன்.

அடுப்பே இல்லாமல் தண்ணீர் கொதித்தது. முதலில் சின்னச் சின்னக் குமிழ்கள், பிறகு நுரை, பிறகு தொண்டையைக் கமறவைக்கிற ஓர் ஆவி. ஊத்தை கழன்று வருகிறது என்றுதான் நினைத்தேன். பேசினின் பக்கத்தைத் தொட்டபோது சுட்டது. அப்போதுதான் பயம் வந்தது. ஜன்னலைத் திறந்துவிட்டு, மூக்கைப் பொத்திக்கொண்டு, இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்து நிறையத் தண்ணீரில் போட்டேன். செயின் சுத்தமாக இருந்தது. பல்சக்கரங்கள் நகைக்கடையில் வைக்கலாம் போல இருந்தன. காபரேட்டரை எடுத்தேன். கரி பூசியதுபோல் கறுத்து, மேலெல்லாம் அம்மைத் தழும்பாகக் குழி விழுந்திருந்தது. ஆணி பூட்டுகிற துவாரங்களில், ஆணியைப் பிடிக்கிற மரைச் சுற்றுகளே இல்லை.

அவர் வரும்வரை நான் கதிரையை விட்டு எழும்பவில்லை. உடுப்பு மாற்றக்கூட விடாமல் நடந்ததைச் சொன்னேன். அவர் கழுவுமிடத்துக்குப் போனார். காபரேட்டரைக் கையில் எடுத்து, வழக்கம்போல ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது அலுமினியம் மாதிரிச் சாமான். கோஸ்டிக் தின்னுரும்" என்றார். அதைப் பேசின் ஓரத்தில் வைத்துவிட்டு, "நான் ஒனக்குச் சொல்லியிருக்கணும். என் தப்புதான்."

இதைவிட அவர் என்னை அடித்திருக்கலாம். இரண்டு மாதம் நான் சேர்த்து வைத்திருந்த கோபமெல்லாம் போக இடமில்லாமல் நடுக்கூடத்தில் நின்றது.

"ஒரு வார்த்த திட்டுங்களேன்! ஏன்டி தொட்டனு கேளுங்க!"

"திட்டுனா மரை திரும்பி வருமா?"

"வராது. ஆனா எனக்கு நல்லா இருக்கும்!"

அவர் சிரித்துவிட்டார். நான் சிரிக்கவில்லை. அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதேன். அழுகை நின்றபோது பின்னால் பிரஷ் தேய்க்கிற சத்தம் கேட்டது. மனிதர் மறுபடி தொடங்கிவிட்டிருந்தார்.

அடுத்த சனிக்கிழமை இருவரும் பழைய சாமான் கடைகளுக்கு ஏறி இறங்கினோம். அந்த மொடலா என்று கேட்டுவிட்டு முதல் மூன்று கடைகளிலும் கையை விரித்தார்கள். பிறகு ஒருவர் சொல்ல, நாவலப்பிட்டிக்குப் பஸ் ஏறினோம். அங்கே புகையிரத நிலையத்துக்குக் கிட்ட ஒரு சிங்கள முதலாளி, ஒரு சாக்கைத் தரையில் கொட்டி, காலால் கிளறி, கறுப்பாக ஒரு கட்டியை எடுத்து நீட்டினார். காபரேட்டர் என்று அவர் சொன்னதால் நம்பினோம். இதோடு பார்த்தால் எங்கள் கிளாக்கர் வீட்டுச் சாமான் கல்யாணப் பெண்.

கணவர் அதை வாங்கக் கை நீட்டினார். நான் முந்திக்கொண்டேன்.

"இத நான் கழுவுறேன். நீங்க தொடக் கூடாது. தொட்டா அடுத்த வருஷப் பொங்கலுக்குத்தான் முடியும்."

பாடசாலை விட்டு வந்து மூன்று பின்னேரம் அந்தப் பலகையில் நான் குந்தினேன். முதல் நாள் வெளி அழுக்கைச் சுரண்டவே போயிற்று. இரண்டாம் நாள் பிரித்தேன். உள்ளே பித்தளையில் ஒரு குழாய், அந்தக் குழாய்க்குள் ஊசி முனையளவு ஓட்டை, அதில் பழைய பெற்றோல் பச்சையாகப் பிசின் கட்டியிருந்தது. மெல்லிய வயர்க் கம்பியால் குத்தினால் வருவதுபோல் வந்து, பிறகு வராது. நான் திட்டியது அந்தத் தெருவுக்கே கேட்டிருக்கும். இதில் என்ன சுகம் காண்கிறார் என்று மூன்று நாளும் தேடினேன், ஒன்றும் தட்டுப்படவில்லை. முதுகுதான் வலித்தது. ஆனால் மூன்றாம் நாள் ஓட்டைக்கு அந்தப் பக்கம் வெளிச்சம் தெரிந்தபோது, அவரைக் கூப்பிட்டுக் காட்டினேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

மெக்கானிக் ஒருவரைக் கூட்டிவந்து கீழே முற்றத்தில் வைத்துப் பூட்டினார்கள். ஒன்பதாவது உதைக்கு அது கத்தியது. முற்றமெல்லாம் நீலப் புகை. உம்மா முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு, "அல்ஹம்துலில்லாஹ், முடிஞ்சா?" என்று கேட்டார். முடிந்தது என்று சொல்ல எனக்கு ஏனோ தைரியம் வரவில்லை.

இப்போது அதில்தான் போய் வருகிறோம். போன மாதம் பேராதனையைத் தாண்டி வருகையில் நல்ல மழையில் நின்றுவிட்டது. ஒரு கடைத் தாழ்வாரத்துக்குள் தள்ளிக்கொண்டு போய், அவர் காபரேட்டரைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு ஆற அமர யோசிக்க ஆரம்பித்தார். ஐந்து நிமிடம் பொறுத்தேன்.

"அது இல்ல, அதுக்குள்ள இருக்குற பித்தளக் குழாய கழட்டுங்க. சின்னது. கொண்டாங்க இங்க."

வாங்கி, கழற்றி, ஊதி, என் சாரி ஊசியால் குத்தி, திருப்பிப் பூட்டிக் கொடுத்தேன். கடைக்காரப் பொடியன் வாயைப் பிளந்து பார்த்தான். வண்டி மூன்றாவது உதைக்குப் பிடித்தது. என் கணவர் என்னைப் பார்த்த பார்வையில் அத்தனை பெருமை.

"ஒன்னும் சொல்லாதீங்க. ஓட்டுங்க" என்றேன். முந்தானை முழுவதும் கறுப்பு. வீட்டுக்கு வந்து தேங்காய் எண்ணெயும் சீனியும் போட்டு அரை மணி நேரம் கையைத் தேய்த்தேன். நகக்கண்ணில் இருந்தது மட்டும் போகவில்லை. மறுநாள் அதோடேயே கரும்பலகையில் பின்னம் படிப்பித்தேன்.