இடது பாதத்தில் நான்கு விரல்கள்

உடைந்த சாமான்களைப் போனில் போட்டு விற்கலாம் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தது பக்கத்து போர்ஷனில் இருக்கும் பெண். கல்லூரிக்குப் போகிறவள். "ஆன்ட்டி, ஓடாத மிக்ஸியைக்கூட வாங்குறாங்க, உள்ள இருக்குற மோட்டாருக்காக" என்றாள். நான் நம்பவில்லை. சரி, பார்ப்போமே என்று எங்கள் பழைய மிக்ஸியைப் படம் பிடித்து, "அரைக்காது, சத்தம் மட்டும் வரும்" என்று எழுதிப் போட்டேன். மறுநாளே ஒருவர் வந்து எடுத்துப்போனார்.

அப்படி ஆரம்பித்ததுதான். மயிலாப்பூரில் குளத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் எங்கள் வீடு. இரண்டே அறை. ஆனால் இத்தனை வருஷக் குடித்தனத்தில் பரண் முழுக்கச் சாமான். றெக்கை போன ஃபேன், பிடி இல்லாத குக்கர், ஒரு கால் ஆடும் ஸ்டூல். எதையும் நல்ல சாமான் என்று சொல்லி நான் விற்றதில்லை. காலையில் கபாலியைக் கும்பிட்ட கை, சாயங்காலம் பொய் எழுதக் கூடாது. எது உடைந்திருக்கிறதோ அதுதான் முதல் வரியில் இருக்கும். படத்திலும் உடைந்த இடம்தான் பெரிதாகத் தெரியும்.

அப்படியும் பணத்தைத் திருப்பிக் கேட்பார்கள். அடையாற்றிலிருந்து ஒருவர், "ஃபேன் சுத்தலைம்மா" என்று பேசினார்.

"சுத்தாதுன்னுதானே சார் எழுதியிருக்கேன்?"

"எழுதியிருக்கீங்க. இருந்தாலும் கொஞ்சமாவது சுத்தும்னு நினைச்சேன்."

திருப்பிக் கொடுத்துவிட்டேன். அந்த நினைப்பு எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியாதா?

என் வீட்டுக்காரர் தி.நகரில் ஒரு பாத்திரக் கடையில் பில் போட்டுப் போட்டே ஓய்வு பெற்றவர். அவர் உட்கார்ந்த இடத்துக்கு மேலே, 'விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது' என்று ஒரு பலகை தொங்கும். அதை வேதவாக்காக நினைப்பவர். "நீ எங்க கடையில இருந்திருந்தா, முதலாளி ஒரே மாசத்துல எல்லாத்தையும் விட்டுட்டுக் காசிக்குப் போயிருப்பார்" என்பார்.

"போகட்டுமே, அவருக்கும் புண்ணியம்" என்பேன் நான்.

இப்படிப் பரண் காலியாகிக்கொண்டு வந்தபோதுதான் கண்ணனையும் விற்றுவிடலாம் என்று எனக்குத் தோன்றியது.

கல்யாணமான அடுத்த நவராத்திரிக்கு வடக்கு மாட வீதியில் வாங்கிய மண் பொம்மை அது. வெண்ணெய் உருண்டையைக் கையில் வைத்துக்கொண்டு, தலையைத் திருப்பிப் பார்த்தபடி தவழும் கண்ணன். வாங்கிக் கையில் எடுத்த உடனேயே கூட்டத்தில் யாரோ இடித்து, கம்பத்தில் பட்டு, இடது காலின் சுண்டு விரல் உதிர்ந்துவிட்டது. கடைக்காரர் நல்ல மனுஷர். "இப்பிடிக் குடும்மா, வேற தரேன். கால் போச்சு பாரு" என்று கை நீட்டினார். கூட வந்திருந்த என் வீட்டுக்காரரும் மாற்றிக்கொள் என்றார். எனக்கு மனசே வரவில்லை. அது திரும்பி என்னையே பார்த்துக்கொண்டிருந்தது.

"பெத்த புள்ளைக்கு ஒரு விரல் இல்லைன்னா, வேற குடுன்னு கேப்பாங்களா?" என்றேன்.

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். கடைக்காரரும் சிரித்தார். "அப்ப இட்டுக்கினு போ தாயி. அடுத்த வருசம் நெசப் புள்ளையோட வா, அதுக்கு ஒரு பொம்மை சும்மாவே தரேன்" என்றார்.

அடுத்த வருஷம் வெறுங்கையோடு போனேன். அதற்கடுத்த வருஷமும். பிறகு அந்தக் கடை வந்தால் எதிர்ப்பக்கமாக நடக்க ஆரம்பித்தேன்.

கண்ணன் மட்டும் எங்கள் வீட்டில் வளர்ந்தான். பொம்மை எங்கே வளரும்? ஆனாலும் அப்படித்தான் சொல்லத் தோன்றுகிறது. காலையில் பால் பொங்கியதும் முதல் கரண்டி அவனுக்கு. கோகுலாஷ்டமிக்கு வாசலிலிருந்து பூஜை அலமாரி வரைக்கும் மாக்கோலத்தில் பாதம் போடுவேன். கையை மூடி மாவில் தோய்த்துப் பதித்துவிட்டு, விரல் நுனியால் மேலே புள்ளி வைக்க வேண்டும். வலது பாதத்துக்கு ஐந்து புள்ளி, இடது பாதத்துக்கு நான்கு. ஒரு தடவை இவர் குனிந்து பார்த்துவிட்டு, "ஒண்ணு விட்டுட்டியே" என்றார்.

"அவனுக்கு அவ்வளவுதானே?" என்றேன். அதற்குப் பிறகு அவர் கேட்டதில்லை.

போகாத கோயில் இல்லை, சுற்றாத அரசமரம் இல்லை. டாக்டரம்மாக்களும் கையை விரித்துவிட்டார்கள். பிறகு ஒரு நாள் என் உடம்பே இனி இல்லை என்று சொல்லிவிட்டது. அன்றைக்கு நான் அழவில்லை. கண்ணனைப் பார்த்து, "இங்க உனக்கு விளையாட யாரும் வரப்போறதில்லடா, பிள்ளை வரப்போற வீடாப் பார்த்துப் போ" என்றேன். இலவசமாகக் கொடுத்தால் மதிப்பிருக்காது என்று ஏதோ ஒரு சின்னத் தொகை போட்டு, "இடது கால் சுண்டு விரல் இல்லை" என்று எழுதி, அந்தக் காலையே கிட்டத்தில் படம் எடுத்துப் போட்டேன்.

நங்கநல்லூரிலிருந்து ஒரு பெண் வாங்கினாள். ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்: "அஷ்டமிக்கு முன்னாடி வந்துடுமா?" என் புடவையில் சுற்றி, தலையணை உறைக்குள் வைத்து, ஒரு அட்டைப் பெட்டியில் போட்டு, கூரியர் பையனிடம் கொடுத்தேன். அவன் பெட்டியை பைக்கின் பின்னால் கயிறு போட்டுக் கட்டினான். அவன் தெருமுனை திரும்புவதற்குள்ளேயே எனக்கு அடிவயிறு காலியானது போல் ஆகிவிட்டது.

மறுநாள் பால் பொங்கியது. கரண்டியை எடுத்துக்கொண்டு அலமாரி வரைக்கும் போய்விட்டேன். அங்கே அவன் உட்கார்ந்திருந்த மணை மட்டும்தான் இருந்தது. அந்த அஷ்டமிக்கு நான் பாதம் போடவில்லை. யாருடைய பாதத்தைப் போடுவது? சீடை சுட்டு, நைவேத்தியம் பண்ணி, பக்கத்து வீடுகளுக்குக் கொடுத்ததோடு சரி.

அந்த வாரக் கடைசியில் போனில் செய்தி வந்தது. "பொம்மை உடைந்திருக்கிறது. பணம் திரும்ப வேண்டும்."

இவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். "நாமதான் எழுதியிருக்கோமே, படமும் போட்டிருக்கோம். குடுக்க வேண்டியதே இல்லை."

"குடுத்துடலாம்" என்றேன். என் குரலே எனக்கு வேறு மாதிரி கேட்டது. பணத்தைத் திருப்பிக் கொடுக்க இவ்வளவு சந்தோஷப்பட்டவள் இந்த ஊரில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். கூரியரில் வேண்டாம், நானே வந்து வாங்கிக்கொள்கிறேன் என்று பதில் போட்டுவிட்டு, தலை வாரிக் கிளம்பிவிட்டேன். இவர் குடையை எடுத்துக் கொடுத்தார்.

நங்கநல்லூரில் அது மாடி வீடு. அந்தப் பெண்ணின் மாமியார்தான் கதவைத் திறந்தார். மரியாதையான அம்மா. உட்காரச் சொல்லி, காபி கொடுத்து, பிறகுதான் பேச்சை எடுத்தார்.

"கால் பின்னமாயிருக்கேம்மா. பின்னமான சாமியை வீட்ல வெக்கலாமா?"

"படத்துலயே போட்டிருந்தேனேங்க" என்று சொல்லிக்கொண்டே தலையைக் குனிந்தேன். அப்போதுதான் தரையைப் பார்த்தேன். அஷ்டமிக்குப் போட்ட மாக்கோலம் கூடத்தில் கால் பட்டு அழிந்து போயிருந்தது. பூஜை அறை நிலைப்படி ஓரத்தில் மட்டும் இரண்டு பாதங்கள் மிச்சம் இருந்தன. வலது பாதத்தில் ஐந்து புள்ளி. இடது பாதத்தில் நான்கு.

தலையை நிமிர்த்தினேன். சமையலறை வாசலில் அந்த மருமகப் பெண் நின்றுகொண்டிருந்தாள். நான் எதைப் பார்த்தேன் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. உடனே கண்ணைத் தாழ்த்திக்கொண்டாள். அந்தப் பெண் எல்லாம் தெரிந்தேதான் வாங்கியிருக்கிறாள். நான் சொல்லாமலே, அவனுக்கு எத்தனை விரலோ அத்தனை விரல்தான் வைத்திருக்கிறாள்.

மாமியார் டம்ளரை வாங்கிக்கொண்டே கேட்டார். "உங்களுக்கு எத்தனை பசங்கம்மா?"

"இல்லைங்க."

"எவ்வளவு வருஷமா இது உங்க வீட்ல இருந்தது?"

"கல்யாணமானதுலேருந்து."

அவர் மருமகளைத் திரும்பிப் பார்த்தார். "நான் சொன்னேனா இல்லையா?" என்றார் மெதுவாக. பிறகு என் பக்கம் திரும்பி, "தப்பா எடுத்துக்காதீங்கம்மா. இவளுக்கும் கல்யாணமாகி அஞ்சு வருஷம் முடிஞ்சுபோச்சு. எங்க பயம் எங்களுக்கு" என்றார்.

சுரீரென்றுதான் இருந்தது. ஆனால் கோபம் வரவில்லை. அந்த அம்மாவும் ஒரு பிஞ்சுக் காலடிச் சத்தத்துக்குத்தான் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். இவனை வைத்துக்கொள்ளுங்கள், நல்லது நடக்கும் என்று எந்த வாயால் நான் சொல்வது? அதற்குச் சாட்சி சொல்ல என்னிடம் என்ன இருக்கிறது? பணத்தை வெற்றிலையில் வைத்துக் கொடுத்தேன்.

அந்தப் பெண் உள்ளே போய் அவனை எடுத்து வந்தாள். இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு வந்தாள். அவன் கன்னத்தில் மையால் ஒரு திருஷ்டிப் பொட்டு வைத்திருந்தாள். "பஸ் ஸ்டாப் வரைக்கும் கொண்டு விட்டுட்டு வரேன் அத்தை" என்று என்னோடு இறங்கினாள்.

ஆஞ்சநேயர் கோயில் பக்கமாக நடந்தோம். வழியெல்லாம் அவன் அவள் தோளில்தான் இருந்தான். நானும் கொடு என்று கேட்கவில்லை.

"அந்த மெசேஜ் நான் போடலைம்மா. என் போன்ல அவர் போட்டார், அத்தை சொன்னாங்கன்னு."

"தெரியும்மா. பாதத்தைப் பார்த்தேன்."

பஸ் ஸ்டாப் கண்ணில் பட்டதும் கேட்டாள். "வேற யாருக்காவது வித்துடுவீங்களா?"

"மாட்டேன்."

"சத்தியமா?"

"அவன் தலைமேல அடிச்சு சத்தியம் பண்ணட்டுமா? ஏற்கெனவே விரல் போன புள்ளை" என்றேன். அவள் சிரித்துவிட்டாள். சிரித்துக்கொண்டே கண்ணையும் துடைத்துக்கொண்டாள். பஸ் வந்ததும், குழந்தையைக் கைமாற்றுகிற மாதிரி, கழுத்துக்குக் கீழே கை கொடுத்து என்னிடம் தந்தாள்.

பஸ்ஸில் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டேன். கண்டக்டர் குனிந்து பார்த்தார். "இன்னாமா, மடியில கொயந்தயா? அதுக்கும் சேத்து ஃப்ரீயா?"

"இன்னும் நடக்கலப்பா. தவழறான்."

"நடக்கட்டும், நடக்கட்டும். அப்பால டிக்கெட் போட்டுக்கலாம்" என்று போய்விட்டார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்தால், அலமாரியைத் துடைத்து, மணையை அதே இடத்தில் போட்டு வைத்திருந்தார் இவர். "வித்த பொருளைத் திரும்ப எடுக்க மாட்டோம்னு ஆயுசு பூரா சொன்னவன் நான்" என்றபடி அவனை வாங்கி உட்கார வைத்தார். பிறகு கன்னத்தைப் பார்த்து, "பொட்டு யார் வெச்சது?" என்றார்.

"அவன் போயிருந்த வீட்ல."

நான் பணத்தைக் கையில் கொடுத்தது போனுக்குத் தெரியாது. அதனால் அந்தக் கோரிக்கை இன்னும் நிலுவையில் இருப்பதாகச் சிவப்பு எழுத்தில் காட்டிக்கொண்டே இருக்கிறது. 'முடிந்தது' என்று அவளோ நானோ ஒரு தடவை அழுத்தினால் போதும், சிவப்பு போய்விடும். ஆனால் அழுத்தினால் நாங்கள் பேசிக்கொள்கிற அந்த இடமும் மூடிவிடும். அவள் எனக்கு நம்பர் தரவில்லை. யார் என்ன என்று அந்த வீட்டில் கேள்வி வரும். பணம் வந்துவிட்டதால் இந்த இடத்தை மட்டும் அங்கே யாரும் திறந்து பார்ப்பதில்லை.

வெள்ளிக்கிழமைகளில் எழுதுவாள். "பால் குடிச்சானா?" "குடிச்சான்" என்று போட்டு, படம் ஒன்று அனுப்புவேன். அவள் வேறு எதுவும் எழுத மாட்டாள். நானும் வேறு எதுவும் கேட்பதில்லை. கபாலியிடம் மட்டும் கேட்கிறேன். எனக்காகக் கேட்ட அதே வார்த்தைகள்தான், இப்போது அவளுக்காக.

"உன் பேர்ல ஒரு ரீஃபண்ட் பாக்கின்னு காட்டுது, நட்சத்திரம் வேற குறைஞ்சுபோச்சு. இனிமே உன்கிட்ட யார் வாங்குவா?" என்று இவர் முணுமுணுக்கிறார். முணுமுணுத்தாலும் அவரும் அழுத்தச் சொல்லவில்லை.

நாளைக்கு வெள்ளிக்கிழமை. கன்னத்துப் பொட்டு லேசாகிவிட்டது. கொஞ்சம் மை வைத்துவிட்டுத்தான் படம் எடுக்க வேண்டும்.