நான் இல்லாத மூன்றரை மணி நேரம்

இந்தப் பக்கத்தில் வழக்கமாக எழுதுபவள் என் மருமகள் கலா. நந்தி மலைக்கு எந்த பஸ், லால்பாக்கில் எத்தனை மணிக்குக் கூட்டம் குறையும் என்றெல்லாம் எழுதுவாள். இந்த முறை எழுதுவது அவளுடைய மாமியார். மர்பி டவுனில் இருக்கிறேன். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. நான் நோட்டில் எழுதிக் கொடுத்ததை அவள் கம்ப்யூட்டரில் அடிக்கிறாள். எழுத்துப் பிழையைத் திருத்தலாம், விஷயத்தில் கை வைக்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன். 2004 பொங்கலன்று நான் வைத்த குழம்பில் எனக்குத் தெரியாமல் புளி கரைத்து ஊற்றியவள் அவள். அதனால் இதை முதலிலேயே சொல்ல வேண்டியிருக்கிறது.

போன சனிக்கிழமை, 2007 பிப்ரவரியில், யஷ்வந்த்பூர் போகும் வழியில் இருக்கும் ஒரு பெரிய ஆராய்ச்சிக் கல்லூரிக்குப் போய் வந்தேன். அன்று பொதுமக்களுக்காக இலவசப் பேச்சுகள் வைத்திருந்தார்கள். ஒரு பேச்சின் தலைப்பைக் கலா பேப்பரில் பார்த்து எனக்குப் படித்துக் காட்டினாள்: மனிதனுக்குச் சுயநினைவு என்பது எப்படி வருகிறது, விஞ்ஞானத்தால் அதைச் சொல்ல முடியுமா. எனக்கு அந்தக் கேள்வி ஒன்றரை வருடமாக இருக்கிறது.

காரணத்தைச் சொல்கிறேன். 2005 ஆகஸ்டில் எனக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன் நடந்தது. காலை பத்து பத்துக்கு மயக்க ஊசி போட்டு, பத்து வரை எண்ணச் சொன்னார்கள். நாலு வரை எண்ணினேன். அடுத்து எனக்குத் தெரிந்தது வார்டில் ஓடிக்கொண்டிருந்த ஃபேன். மணி ஒன்று நாற்பது. நடுவில் மூன்றரை மணி நேரம் இல்லை. தூக்கம் என்றால் தூங்கினோம் என்பதாவது தெரியும். இது அப்படி இல்லை. துணியை வெட்டித் துண்டை எடுத்துவிட்டு இரண்டு முனையையும் ஒட்டித் தைத்தது போல இருந்தது. என் கல்யாணத்தில் யார் யார் எந்த நிறப் புடவையில் வந்தார்கள் என்று இன்றைக்கும் சொல்லக்கூடியவள் நான். எனக்கு இது சாதாரண விஷயம் இல்லை.

அந்த மூன்றரை மணி நேரத்தில் நான் ஒரு காரியம் செய்துவிட்டேனாம். அப்போது பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் என் நாத்தனார் ராணி. ஒரு மணி வாக்கில் நான் கண்ணைத் திறந்து, அவள் கையைப் பிடித்து, "விடு ராணி. கதவுதானே. நீ இருமினது எனக்குக் கேட்டுச்சு. போனது போவட்டும்" என்று சொன்னேனாம்.

கதவு என்ன கதவு என்றும் சொல்லிவிடுகிறேன். 1991 டிசம்பரில் ஊரில் தமிழர்களுக்கு எதிராகக் கலவரம் நடந்தபோது நாங்கள் மைசூர் ரோடு பக்கம் வாடகைக்கு இருந்தோம். லாரி ஓட்டுகிற என் வீட்டுக்காரர் சேலத்தில் மாட்டிக்கொண்டார். நான் பன்னிரண்டு வயதுப் பையனையும் ஒன்பது வயதுப் பெண்ணையும் கூட்டிக்கொண்டு, ஒரு பால் வண்டியில் சிவாஜிநகர் வரை வந்து, அங்கிருந்து நடந்து ஜீவனஹள்ளியில் ராணி வீட்டுக்குப் போனேன். பச்சைப் பெயின்ட் அடித்த கதவு. உள்ளே கருவாடு வறுக்கும் வாசனை. பெயர் சொல்லித் தட்டினேன். உள்ளே இருமல் கேட்டது, ராணியின் இருமல்தான். கதவு திறக்கவில்லை. கால் மணி நேரம் நின்றுவிட்டு மர்பி டவுனுக்கு நடந்தோம். முன்பின் தெரியாத ஒரு அம்மா எங்களை உள்ளே விட்டார். அன்றிலிருந்து இங்கேதான் இருக்கிறோம்.

இருமல் கேட்டதை நான் யாரிடமும் சொன்னதில்லை. என் வீட்டுக்காரரிடம்கூட, அது அவருடைய தங்கை என்பதால், அவர் கண்ணை மூடும்வரை சொல்லவில்லை. ஆகவே ராணி இட்டுக்கட்டியிருக்க முடியாது. என் வாய்தான் பேசியிருக்கிறது. பேசியது நானா என்பதுதான் கேள்வி. ராணிக்கு அப்படி ஒரு கேள்வியே இல்லை. அந்த ஆபரேஷன் நாளிலிருந்து எதுவுமே நடக்காதது போல வீட்டுக்கு வருகிறாள், மீன் குழம்பு கொண்டு வருகிறாள், என் கட்டிலில் உட்காருகிறாள்.

இப்போது பித்தப்பையில் கல். 26ஆம் தேதி மறுபடி ஆபரேஷன். ஆஸ்பத்திரி பாரத்தில் உடன் இருப்பவர் பெயர் என்று ஒரு கட்டம் உண்டு. ஒரே ஒரு பெயர்தான், அந்த ஆளுக்குத்தான் பாஸ். திங்கட்கிழமைக்குள் கொடுக்க வேண்டியிருந்தது. மகன் ஐடி கம்பெனி வண்டி ஓட்டுகிறான், லீவு கிடையாது. மகள் வேலூரில். கலாவுக்குக் கைக்குழந்தை. மீதி ராணிதான். போன முறை அவசரத்தில் அவள் வந்து உட்கார்ந்துவிட்டாள். இந்த முறை நானே என் கையால் அவள் பெயரை எழுத வேண்டியிருந்தது. மறுபடி மயங்கிப் போய் அவளிடம் என்னென்ன தூக்கிக் கொடுப்பேனோ!

இனி பயணம். டாக்டர் தனியாக வெளியே போகக் கூடாது என்று சொல்லியிருந்ததால் ராணியும் வந்தாள். காலை எட்டே முக்காலுக்கு மர்பி டவுனில் பஸ் ஏறினோம். சிவாஜிநகர் சுமார் நாலு கிலோமீட்டர், ஆளுக்கு நாலு ரூபாய். சிவாஜிநகர் பஸ் ஸ்டாண்டில் பஸ் நம்பரை நம்பாதீர்கள், மாற்றிக்கொண்டே இருக்கிறார்கள். யஷ்வந்த்பூர் போர்டைப் பார்த்து, ஏறுவதற்கு முன் கண்டக்டரிடமும் கேட்டுவிடுங்கள். 1998இல் கேட்காமல் ஏறி ஹெப்பாளில் இறங்கினேன். அந்தக் கண்டக்டர் முகம் இன்னும் நினைவிருக்கிறது.

இந்த முறை கண்டக்டர் நல்லவர். "எல்லிகெ அம்மா?" என்றார், எங்கே போக வேண்டும் என்று. இடத்தைச் சொன்னேன். இரண்டு டிக்கெட் பதினாறு ரூபாய். அங்கே என்ன விசேஷம் என்று கன்னடத்திலேயே கேட்டார். மயக்க மருந்து கொடுத்தால் ஆள் எங்கே போகிறது என்று விஞ்ஞானிகளிடம் கேட்கப் போகிறோம் என்றேன். அவர் பஸ்ஸின் பின்பக்கத்தைக் காட்டி, அங்கே ஒருவன் காலையிலேயே குடித்துவிட்டுக் கிடக்கிறான், அவன் எங்கே போயிருக்கிறான் என்று அதையும் கேட்டு வாருங்கள் என்றார்.

ராணி சிரித்துவிட்டு என் பக்கம் திரும்பினாள். "இன்னா அண்ணி, இதுக்குப் போயி விஞ்ஞானிகிட்ட கேக்கணுமா? பக்கத்துல இருந்தவ நான் சொல்றேன், பத்தாதா?"

"நீ சொன்னது பத்தியிருந்தா நான் ஏன்டி பஸ் ஏறுறேன்?"

"அப்ப அது நீ இல்லைன்னா வேற யாரு? பக்கத்து பெட்டு கிழவியா?"

"தெரியல. அதான் போறேன்."

மேக்ரி சர்க்கிள் நெரிசலில் இருபது நிமிடம் நின்றோம். இறங்கியபோது மணி பத்து ஐந்து. கேட்டிலிருந்து பேச்சு நடக்கும் கட்டடம் ஒரு கிலோமீட்டருக்கு மேல். மரங்கள் நிறைய இருக்கின்றன, வெயில் தெரியாது. ஆனால் வழிகாட்டும் பலகை எல்லாம் இங்கிலீஷில். நாங்கள் தப்பான ஹாலில் நுழைந்து அரை மணி நேரம் மண்புழு பற்றிக் கேட்டோம். ராணிக்கு அது பிடித்துவிட்டது. "இதே நல்லா கீது அண்ணி, இங்கியே இருக்கலாம்" என்றாள். கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன்.

சரியான ஹாலில் நூறு பேர் இருப்பார்கள். பேசியது ஒரு பெண். நாற்பது, நாற்பத்தைந்து வயது, கும்பகோணம் பக்கத்துப் பேச்சு. பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் போடவில்லை. பேச்சு இங்கிலீஷும் கன்னடமும் கலந்து இருந்தது. மூளைப் படங்களைக் கலர் கலராகக் காட்டினார். விழித்திருக்கும்போது ஒரு மாதிரி, தூக்கத்தில் ஒரு மாதிரி, மயக்க மருந்தில் இன்னொரு மாதிரி. மயக்கத்தில் மூளையின் பகுதிகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்வது குறைந்துவிடுகிறதாம். அதுவரை எனக்குப் புரிந்தது. அதற்குப் பிறகு அரை மணி நேரம் புரியவில்லை.

கடைசியில் கேள்வி கேட்கலாம் என்றார்கள். தமிழில் கேட்கலாமா என்றேன். தாராளமாக என்றார். முழுவதையும் சொன்னேன், கதவு வரைக்கும். ஹாலில் ஒருவர்கூட இருமவில்லை.

அவர் மேடையிலிருந்து இறங்கி என் அருகே வந்து நின்றார். "எந்த மருந்து, மூளையில எங்க போய் வேலை செய்யுதுன்னு ஓரளவு சொல்லலாம்மா. மருந்து குறையும்போது சிலர் பேசுவாங்க, பதில்கூட சொல்லுவாங்க, அப்புறம் எதுவும் ஞாபகம் இருக்காது. அது நிறைய நடக்கறதுதான்."

"நடக்கறது சரி. பேசினது நானா?"

"ஞாபகம் இல்லைங்கறதால நீங்க அங்க இல்லைன்னு சொல்ல முடியாது. கைக்குழந்தையா இருந்தப்போ அழுதீங்க. ஞாபகம் இருக்கா? ஆனா அழுதது நீங்கதானே?"

"எனக்கு ரெண்டு வயசுல தேள் கொட்டினது ஞாபகம் இருக்கு."

ஹாலில் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். "அப்போ உங்ககிட்ட இந்த உதாரணம் செல்லாது. நேராவே சொல்றேன். மூளையில என்ன நடக்குதுன்னு பார்க்கறோம். உள்ள ஒரு ஆள் இருந்து அதை அனுபவிக்கறது எப்படி வருதுன்னு இன்னும் தெரியாது. விஞ்ஞானத்தால ஒரு நாள் முடியலாம், முடியாமலும் போகலாம். பேசினது நீங்களான்னு கேட்டா, எனக்குத் தெரியாதும்மா."

படித்தவர்கள் என்னிடம் தெரியாது என்று சொல்லி நான் கேட்டதில்லை. எனக்குக் கோபம் வரவில்லை, அதுவே ஆச்சரியம். உட்காரப் போனேன். பக்கத்தில் ராணி எழுந்து நின்றாள்.

"எனக்கு ஒண்ணு கேக்கணும் மேடம். மயக்க மருந்து எதுவும் இல்ல. பயம். பயத்துல கை கால் ஓடாம ஒருத்தி ஒரு காரியம் செஞ்சா, அது அவ செஞ்சதா?"

அந்த அம்மா ராணி பக்கம் திரும்பினார். "அதுவும் எனக்குத் தெரியாது. அது உங்களுக்கு ஞாபகம் இருக்கா?" என்று கேட்டார்.

"டெய்லி" என்றாள் ராணி.

பதினைந்து வருடமாக அந்தக் கதவை ஞாபகம் வைத்திருப்பவள் நான் ஒருத்திதான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒன்றேகாலுக்கு மரத்தடியில் ராணி கட்டிக்கொண்டு வந்த எலுமிச்சை சாதத்தைச் சாப்பிட்டோம். உப்பு குறைவு. சொன்னேன். கேன்டீனில் டீ நாலு ரூபாய், தாராளமாகத் தருகிறார்கள்.

சிவாஜிநகரில் மணி மூன்று. அவளுக்கு ஜீவனஹள்ளி பஸ், எனக்கு வேறு பஸ். அவள் ஏறினாள். நானும் பின்னாலேயே ஏறினேன். "எங்க அண்ணி?" என்றாள். டிக்கெட் எடு என்றேன்.

அந்த வீட்டு வாசலுக்கு 1991க்குப் பிறகு நான் போகவில்லை. கதவுக்கு இப்போது பிரவுன் பெயின்ட். தாழ்ப்பாள் பக்கம் உரிந்த இடத்தில் பழைய பச்சை தெரிகிறது. ராணி பூட்டைத் திறந்தாள்.

"உள்ள போ. கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போடு" என்றேன்.

"எதுக்கு?"

"போடுடி."

போட்டாள். நான் வெளியே நின்று, "ராணி, நான்தான்" என்று தட்டினேன். உள்ளே இருமல் கேட்டது. மனதுக்குள் எண்ண ஆரம்பித்தேன். மூன்று வரும்போது தாழ்ப்பாள் சத்தம் கேட்டது. நாலுக்குக் கதவு திறந்திருந்தது. அவள் முகமெல்லாம் ஈரம். "வா அண்ணி" என்றாள். உள்ளே போய்த் தண்ணீர் குடித்தேன். ஐந்து மணிக்கு ஆட்டோவில் வீடு. மினிமம் சார்ஜுக்கு மேல் பத்து ரூபாய் கேட்டான், கொடுக்கவில்லை.

போக விரும்புகிறவர்களுக்கு: ஒன்பதுக்கு முன் சிவாஜிநகரை விட்டுவிடுங்கள். கேட்டிலேயே ஹால் பெயரைக் கேட்டுக்கொள்ளுங்கள். முழங்கால் வலி இருந்தால் குச்சி எடுத்துப் போங்கள், உள்ளே நடை அதிகம். சாப்பாடு கட்டிக்கொண்டு போவது நல்லது, உப்பைச் சரிபார்த்து. தமிழில் கேள்வி கேட்கத் தயங்காதீர்கள், காது கொடுத்துக் கேட்கிறார்கள். விடை கிடைக்கும் என்று மட்டும் எதிர்பார்த்துப் போகாதீர்கள். ஆபரேஷனுக்குப் போகிறவர்கள் சொல்ல வேண்டியதை ஊசிக்கு முன்னாலேயே சொல்லி முடித்துவிடுவது நல்லது. பிறகு பேசுவது யார் என்று சொல்ல இந்த ஊரில் ஆள் இல்லை.

1991ஐ நான் மறக்கவில்லை, மறக்கவும் மாட்டேன். இந்தச் சனிக்கிழமையும் அதோடு இருக்கும். பாரத்தைத் திங்கட்கிழமை காலை நானே நிரப்பிக் கொடுத்தேன். உடன் இருப்பவர்: ராணி. உறவு: நாத்தனார். அவளிடம் ஒன்று மட்டும் சொல்லியிருக்கிறேன். மயக்கத்தில் நான் என்ன சொன்னாலும் அதைப் பிடித்துக்கொண்டு திரியாதே. நான் முழித்தபிறகு, நீ போட்ட தாழ்ப்பாளை நீயே திறந்தாய் என்று எனக்கு ஒரு தடவை சொல்லு. அது ஞாபகம் இருந்தால் முழித்திருப்பது நான்தான்.