இருபத்து மூன்றாம் கம்பம்

வெர்லீன் டக்கெட் இருபத்தேழு வருடமாக பிராங்க்ஸில் பேருந்து ஓட்டுகிறாள். டிக்கெட் எடுக்காமல் பின்கதவில் ஏறுகிறவனைத் திரும்பிப் பார்க்காமலே, ஷூ சத்தத்தை வைத்தே கண்டுபிடித்துவிடுவாள். சந்தேகம் அவளுக்கு வேலையோடு வந்ததல்ல. அதற்கு முன்பே இருந்தது.

பதினேழு வயதில் அவள் பூங்காவில் இசைத்தட்டு சுழற்றினாள். அந்தத் தெருக்களில் பெண்ணொருத்தி அதைச் செய்தால் அடுத்த தெருப் பையன்கள் தோளுக்கு மேல் எட்டிப் பார்ப்பார்கள், தட்டின் பெயரைப் படிப்பார்கள், மறுநாளே கடையில் வாங்கி அதே தாளத்தை அவர்கள் கூட்டத்தில் போடுவார்கள். அதனால் வெர்லீன் தட்டுகளைக் குளியல் தொட்டியில் ஊறப்போட்டு நடுவிலிருந்த காகிதத்தை உரித்துவிடுவாள். எந்தத் தட்டு எது என்பது நகப்பூச்சால் வைத்த புள்ளிகளை வைத்து அவளுக்கு மட்டும் தெரியும். அந்த நாளில் எல்லோரும்தான் உரித்தார்கள். ஆனால் வீட்டில் குளிக்க இடமில்லை என்று அம்மா திட்டும் அளவுக்கு உரித்தவள் அவள் ஒருத்தி.

மின்சாரமும் அப்படித்தான். பூங்கா விளக்குக் கம்பத்தின் அடித்தகட்டைத் திறந்து கம்பி இழுப்பார்கள். போலீஸ் வந்தால் பிடுங்குவதற்கென்றே பத்தொன்பதாம் கம்பத்தில் ஒரு வெற்றுக் கம்பி தொங்கும். உண்மையான கம்பி புதருக்கடியில் இருபத்து மூன்றாம் கம்பத்துக்குப் போகும். அது இரண்டு பேருக்குத்தான் தெரியும். ஒருத்தி வெர்லீன். இன்னொருவன் கிளியோன் பாஸ்கம். அவள் தாளத்துக்கு மைக் பிடித்துப் பாடியவன், இன்று ஒரு பள்ளிக்கூடத்துக் கொதிகலனைக் கவனிக்கிறவன்.

பிற்பாடு பத்திரிகைக்காரர்கள் வந்து எந்தக் கம்பத்தில் மின்சாரம் எடுத்தீர்கள் என்று கேட்டபோதும் பழக்கம் விடவில்லை. எல்லோரிடமும் பத்தொன்பது என்றே சொன்னாள். இன்றைக்கும் சுற்றுலா வருகிறவர்கள் பத்தொன்பதாம் கம்பத்தைக் கட்டிப்பிடித்துப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். கிளியோன் அதைப் பார்க்கும்போதெல்லாம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பான்.

ஜூன் மாதம் ஒரு பெரிய இசை நிறுவனத்திலிருந்து விட்டேக்கர் என்று ஒருவன் வந்தான். கையில் டோனட் பெட்டி.

"மிஸ் வெர்லீன், எங்க ராப் பாடகன் காஸ்பியனோட பாட்டு கேட்டிருப்பீங்களே?"

"என் பஸ்ல ஏறுற ஒவ்வொரு போன்லயும் அவன்தான் கத்துறான். கேக்காம எப்படி இருக்க முடியும்?"

"அவன் சின்ன வயசுல உங்க வட்டத்துல நின்னுதான் கத்துக்கிட்டான். அவனப் பத்திப் படம் எடுக்கிறோம். 'ஆமா, இவன் இங்கருந்து வந்தவன்தான்'னு நீங்க ஒரே ஒரு வாக்கியம் சொன்னா போதும். பத்து வருஷத்துக்குப் பூங்கா அனுமதி, மேடை, ஜெனரேட்டர் எல்லாம் எங்க பொறுப்பு."

அவள் டோனட்டைத் தொடவில்லை. கோடைதோறும் பூங்காவில் அவள் நடத்தும் சனிக்கிழமைக் கூட்டத்துக்கு, சுற்றி நின்று ஒவ்வொருவராக நடுவில் வந்து பாடும் அந்த வட்டத்துக்கு, இந்த வருடம் அனுமதி கிடைப்பதே இழுபறி. காப்பீடு எடுக்க ஆள் இல்லையென்றால் அடுத்த கோடையில் பூங்காவில் சத்தமே இருக்காது. அது அவனுக்கும் தெரிந்திருந்தது. தெரிந்துகொண்டுதான் வந்திருக்கிறான்.

"அந்தப் பையன் முகம் எனக்கு ஞாபகம் இல்லையே."

"எத்தனையோ பசங்க வந்திருப்பாங்க மிஸ் வெர்லீன். யோசிச்சுப் பாருங்க."

யோசித்தாள். பேருந்தில் போகும்போதும் வரும்போதும் யோசித்தாள். மூன்றாம் நாள் ஒரு பள்ளிப் பெண் ஓட்டுநருக்குப் பின்னாலேயே உட்கார்ந்து அந்தப் பாட்டைப் போட்டாள். கார், கைக்கடிகாரம், எதிரியைச் சுடுவேன் என்ற வழக்கமான வெட்டிப்பேச்சுக்கு நடுவே திடீரென்று எட்டு வரி, வேறு துணியில் ஒட்டுப்போட்ட மாதிரி:

"இருபத்து மூணாம் கம்பத்துல கைய வச்சோம், இருட்டுக் கிடந்த தெருவுக்கு எங்க பேர வச்சோம்..."

வெர்லீன் பிரேக்கை மிதித்த மிதியில் நின்றிருந்தவர்கள் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்தார்கள்.

"ஏம்மா, லைசென்ஸ் லாட்டரில விழுந்ததா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

வேலை முடிந்ததும் நேராகப் பள்ளிக்கூடத்தின் அடித்தளத்துக்குப் போனாள். கிளியோன் கொதிகலன் பக்கத்தில் உட்கார்ந்து பொரித்த கோழி தின்றுகொண்டிருந்தான். ஊரில் யார் யாருடைய வரியைத் திருடினாலும் முதலில் கொதிப்பவன் அவன்தான். திருடுகிறவனை அங்கே கடிக்காரன் என்பார்கள். அதைவிட மோசமான வசவு கிடையாது.

"எத்தன பாட்டுடா எழுதிக் குடுத்த?"

அவன் மெல்லுவதை நிறுத்தினான். "யார் சொன்னா?"

"நீதான் சொன்ன. இருபத்து மூணுன்னு எழுதியிருக்க, முட்டாள். ஊருக்கே பத்தொன்பதுதான் தெரியும்."

அவன் கோழி எலும்பைத் தட்டில் வைத்தான்.

"நாலு பாட்டு" என்றான் கடைசியில். "வெளிய சொல்ல மாட்டேன்னு கையெழுத்து போட்டிருக்கேன்."

"நீயா? எவன் கடிச்சாலும் காறித் துப்புற நீயா?"

"வெர்லீன், முப்பத்தஞ்சு வருஷமா எழுதுறேன். எத்தன பேரு கேட்டிருப்பான்? நாப்பது பேரு. கேசட்ட வெளிய விடாதேன்னு சொன்னது யாரு? ரேடியோவுக்குக் குடுக்காதேன்னு சொன்னது யாரு? தட்டுக்கு உரிச்ச மாதிரி எனக்கும் பேர உரிச்சிட்ட நீ. இப்ப எங்கயோ இருக்கிற பிள்ளைங்க என் வரிய மனப்பாடமா சொல்லுதுங்க."

"அவன் பேர்ல."

"பேரே இல்லாம கெடந்ததுக்கு அது பரவால்ல."

அவள் கோழித் துண்டு ஒன்றை எடுத்து, தின்னாமல் திரும்ப வைத்துவிட்டு வெளியே வந்தாள்.

சனிக்கிழமை மதியம் பூங்கா நிரம்பி வழிந்தது. தேங்காய் ஐஸ் வண்டிகள் மூன்று. அந்த வாக்கியத்தை வெர்லீன் இன்னும் சொல்லவில்லை, ஆனாலும் விட்டேக்கரின் ஆட்கள் ஒரு ஜெனரேட்டரையும் நான்கு கேமராக்களையும் நிறுத்தியிருந்தார்கள், ஒரு கேமரா பத்தொன்பதாம் கம்பத்தைப் பார்த்தபடி. காஸ்பியன் நேரில் ஒல்லியாக இருந்தான். இருபத்திரண்டு வயது, கழுத்தில் அவனைவிட கனமான சங்கிலி.

வட்டத்தில் அவளுடைய விதி ஒன்றுதான். முதல் முறை நிற்கிறவன் கண்ணெதிரே இருக்கிறதைப் பற்றி அந்த இடத்திலேயே கட்டிப் பாட வேண்டும். அவள் கையை நீட்டினாள்.

"அந்த ஐஸ் வண்டி. ஆரம்பி தம்பி."

தட்டு சுழன்றது. பையன் இரண்டு வரி சொன்னான். மூன்றாவதில் 'வண்டி'க்கு மேல் போக வழியில்லாமல் தடுமாறி, தெரிந்த கிளையைப் பிடித்த மாதிரி சட்டென்று தன் பாட்டுக்குத் தாவினான். இருபத்து மூணாம் கம்பத்துல கைய வச்சோம். கூட்டம் கூடவே பாடியது. ஆனால் அவனுக்கு ஐந்தாவது வரியில் வாய் திறந்திருக்க, சத்தம் வரவில்லை. கூட்டமும் நின்றது, தாளம் மட்டும் ஓடியது.

வெர்லீன் தாளத்தை நிறுத்தவில்லை. அவள் பார்த்தது கிளியோனை. அவன் விரல்கள் தொடையில் தட்டிக்கொண்டிருந்தன. விட்டேக்கரும் அவனைத்தான் பார்த்தான், தலையை லேசாக அசைத்து, வேண்டாம் என்று.

கிளியோன் உள்ளே வந்து மைக்கை வாங்கி ஐந்தாவது வரியைப் பிடித்தான்.

"ஏய் கெழவா! கடிக்காரன்!" என்று ஒருத்தி கத்தினாள்.

"அடுத்தவன் பாட்ட எதுக்குய்யா பாடுற?"

"இந்த வயசுல உனக்கு வெக்கமா இல்ல?"

ஒரு காகிதக் குவளை அவன் தோளில் பட்டு, ஐஸ் சட்டையில் வழிந்தது. தன் வரிக்காகத் தானே திருடன் பட்டம் வாங்கிக்கொண்டு எட்டாவது வரி வரைக்கும் பாடினான். பாட்டு அங்கே முடிகிறது என்று குழந்தைக்கும் தெரியும்.

அவன் ஒன்பதாவது வரிக்குப் போனான்.

"குடுத்த வார்த்த என் பேரச் சொல்லல, வாங்கின கை என் மொகத்தப் பாக்கல..."

பத்து, பதினொன்று. யாரும் கேட்டிராத வரிகள், அதே அச்சில், அதே மூச்சில். கத்தியவளின் வாய் மூடியது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். எழுதியவன் யார் என்று யாரும் யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

வெர்லீனின் கண் அப்போதும் கேமராக்காரன்மேல் இருந்தது. விட்டேக்கர் அவன் காதில் ஏதோ சொல்கிறான். அவன் ஒலிப்பெட்டியிலிருந்து போகும் கம்பியைச் சரிபார்க்கிறான். அடுத்த பாட்டுக்கும் இப்போதே வரி பொறுக்குகிறார்கள். அவள் நடந்துபோய் ஜெனரேட்டரை அணைத்தாள்.

ஒலிபெருக்கி செத்தது. கிளியோன் நிற்கவில்லை, வெறும் குரலில் தொடர்ந்தான். கேட்பதற்காகக் கூட்டம் நெருங்கியது. நெருங்கியதில் கேமராவுக்கு முதுகுகள் மட்டும் மிஞ்சின. தாளம் எங்கிருந்தோ வந்தது. காஸ்பியன் ஒரு காலிப் பிளாஸ்டிக் பால் கூடையைக் கவிழ்த்து இரண்டு கையாலும் தட்டிக்கொண்டிருந்தான். நன்றாகவே தட்டினான்.

"மிஸ் வெர்லீன், அந்த ஒரு வாக்கியம்?" என்று விட்டேக்கர் அருகில் வந்தான்.

"இந்தக் காஸ்பியன இதுக்கு முன்னால இங்க நான் பாத்ததே இல்ல. இதையும் படத்துல போடு."

பத்து வருட அனுமதி அதோடு போனது. மறுநாள் அவளே நகர அலுவலகத்துக்கு விண்ணப்பம் எழுத உட்கார்ந்தாள்.

அன்று சாயங்காலம் சாமான்களைக் கட்டும்போது கிளியோன் சட்டையிலிருந்த ஐஸ் கறையைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"அந்தக் கடைசி வரிங்க, அதையும் குடுத்துட்டியா?"

"இல்ல வெர்லீன். சத்தியமா."

அவள் தலையாட்டினாள். ஒலிப்பெட்டியின் மறுமுனையை அவன் பிடிக்க, இருவரும் தூக்கினார்கள்.

இப்போதும் பள்ளிப் பிள்ளைகள் ஏறி போனைத் திறந்தால், வெர்லீன் ஜன்னலை மூடிவிட்டுக் கேட்கிறாள். ஒன்பதாவது வரி இதுவரை எந்தப் பாட்டிலும் வரவில்லை.