கேட்பாரற்றுக் கிடந்த துப்பாக்கி

குடும்ப வன்முறைக்கு ஆளாகும் பெண்களுக்கான பாதுகாப்பு அலுவலராக இருந்த காலத்தில் கோர்ட்டுக்கு ஒரே ஒரு தவறான அறிக்கை கொடுத்திருக்கிறேன். தெரிந்து செய்யவில்லை. ஆனாலும் கீழே இருந்தது என் கையெழுத்துதான். இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக அதை எழுதி வைக்கிறேன்.

கள்ளக்குறிச்சி தனி மாவட்டமான புதிது. கல்வராயன் மலையிலிருந்து சின்னப்பொண்ணு என்பவள் குடும்ப வன்முறைச் சட்டத்தில் மனு கொடுத்திருந்தாள். புருஷன் குடித்துவிட்டு வந்து நாட்டுத் துப்பாக்கியை அவள் நெஞ்சில் வைப்பான். ஒருமுறை கூரையைப் பார்த்துச் சுட்டும் இருக்கிறான். லைசென்ஸ் கிடையாது. அவள் இரண்டு பிள்ளைகளோடு சங்கராபுரத்தில் அக்காள் வீட்டில் ஒண்டிக்கொண்டு கூலி வேலைக்குப் போனாள். தன் வீட்டில் பயமில்லாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான் அவள் கேட்டது. மாஜிஸ்திரேட் உத்தரவு போட்டார். அவன் அவளை அடிக்கக் கூடாது, வீட்டை விட்டு விரட்டக் கூடாது, துப்பாக்கியை போலீஸ் உதவியோடு நான் கைப்பற்ற வேண்டும்.

ஏட்டையாவும் நானும் மலையேறினோம். துப்பாக்கியே இல்லை என்று புருஷன் சாதித்தான். மலையில் ஒரு வழக்கம் உண்டு. கள்ளத் துப்பாக்கிகளை ஒப்படைக்கச் சொல்லி போலீஸ் அறிவித்தால் யாரும் கையில் கொண்டுவந்து தர மாட்டார்கள். ஊர் எல்லையில் போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். கேட்பாரற்றுக் கிடந்தது என்று எழுதி போலீஸ் எடுத்துக்கொள்ளும், வழக்கு வராது. இந்தத் துப்பாக்கியையும் அப்படியே எல்லையில் போடச் சொல்கிறோம் என்று ஊர்க்காரர்கள் எங்களிடம் சொன்னார்கள். மறுநாள் காலை எல்லையில் ஒரு துப்பாக்கி கிடந்தது. சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. கைப்பற்றியாகிவிட்டது என்று அறிக்கை கொடுத்துவிட்டு, இனி ஊருக்குப் போகலாம் என்று சின்னப்பொண்ணுவிடம் சொன்னேன்.

அவள் துப்பாக்கியைப் பார்க்க வேண்டும் என்றாள். இவள் என்ன எனக்குத் தணிக்கை அதிகாரியா என்று எரிச்சலாக வந்தது. முணுமுணுத்துக்கொண்டே ஸ்டேஷனுக்கு அழைத்துப் போனேன். அவள் குழாய்க்குள் எட்டிப் பார்த்தாள்.

"இது அவருது இல்லைங்க மேடம். அவரு துப்பாக்கிய தொடைச்சி எண்ண போடறது நான்தாங்க. இதுல குளவி கூடு கட்டிக்கினு கீது, பாருங்க."

ஏட்டையா கம்பியை விட்டுக் குத்தினார். உள்ளேயிருந்து மண் கொட்டியது. யாரோ என்றைக்கோ தூக்கிப் போட்ட இரும்பை என் தலையில் கட்டியிருக்கிறார்கள். என் பேச்சை நம்பி அவள் அன்றே பஸ் ஏறியிருந்தால், நிஜத் துப்பாக்கி இருக்கிற வீட்டுக்குத்தான் போய்ச் சேர்ந்திருப்பாள்.

போட்ட கையெழுத்து போட்டதாகவே இருக்கட்டும், எதற்கு வம்பு என்று ஆபீசில் சொன்னார்கள். நான் கேட்கவில்லை. அறிக்கை தவறு என்று கோர்ட்டில் எழுதிக் கொடுத்தேன். மாஜிஸ்திரேட் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் சரியான துப்பாக்கியைக் கைப்பற்ற அவகாசம் கொடுத்தார். அந்தப் பெரிய மனசை மறக்க மாட்டேன்.

நாலைந்து நாள் கழித்து சின்னப்பொண்ணுவின் மாமியார் விறகுக் கட்டோடு ஸ்டேஷனுக்கு வந்தார். விறகுக்கு நடுவே துப்பாக்கி இருந்தது. எல்லையில் போட்டிருந்தால் மகன் பெயர் வெளியே வந்திருக்காது. ஆனால் அவர் மகன் பெயரைச் சொல்லியே கொடுத்தார்.

"எம்புள்ளதுதாங்க இது. கேஸ் போட்டாலும் போடுங்க. மருமவளும் கொழந்தைங்களும் வூட்டுக்கு வரணும்."

சின்னப்பொண்ணுவை வரவழைத்தோம். குழாயைப் பார்க்க வேண்டிய தேவையே இருக்கவில்லை. துப்பாக்கியைக் கண்டதும் இரண்டடி பின்னால் போய்ச் சுவரில் ஒட்டிக்கொண்டாள். அப்போதுதான் என் அறிக்கை உண்மையானது.

மகன் மேல் வழக்கு ஆனது. மாமியாரே வந்து மருமகளை அழைத்துப்போனார். அதன்பின் ஓய்வு பெறும்வரை, புகார் கொடுத்தவள் பார்த்து இதுதான் என்று சொல்லாமல் எந்த ஆயுதத்துக்கும் நான் கையெழுத்துப் போட்டதில்லை. இன்றைக்கு நான் நிம்மதியாகத் தூங்குவது, அன்று அவள் என்னை நம்பாமல் போனதால்தான்.